இரண்டு கேமரா, ஒரு முகம்: வெப்பப் படத்தை வைத்து முகத்தை உறுதி செய்வது எப்படி?

வெப்கேமில் முகம் கண்டுபிடிக்க, படங்களை அலசும் இலவச நிரல் நூலகமான ஓபன்சிவியில் பத்து வரி எழுதினால் போதும், ஆனால் சுவரில் ஒட்டிய போஸ்டரில் இருப்பவரையும் அது முகம் என்றுதான் சொல்லும், விளக்கை அணைத்தால் எதிரே நிற்கும் ஆளையே கோட்டை விட்டுவிடும். வெப்பக் கேமரா பார்ப்பது நம் தோலிலிருந்தே வெளிவரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையான அகச்சிவப்புக் கதிரை. அதற்கு வெளிச்சமே வேண்டாம்.

படி 1: ஒரு வெப்கேம், லெப்டான் 3.5 என்ற சின்ன வெப்பக் கேமரா ஒன்று. இதன் படம் வெறும் 160×120 புள்ளிகள்தான், இந்த வேலைக்குப் போதும். இரண்டு லென்ஸையும் எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, ஆடாமல் பொருத்துங்கள்.

படி 2: இரண்டு படங்களையும் பொருத்துவது. இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். வழக்கமாக இதற்குப் பயன்படுத்தும் அச்சடித்த சதுரங்கக் கட்டம் வெப்பப் படத்தில் தெரியாது, ஏனென்றால் கறுப்பும் வெள்ளையும் ஒரே சூட்டில் இருக்கின்றன. அதனால் வெள்ளை அட்டை ஒன்றில் எலுமிச்சை அளவில் ஏழெட்டு ஓட்டை வெட்டுங்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதை நெஞ்சுக்கு முன்னால், உடம்பில் படாமல் பிடியுங்கள். வெப்கேமில் ஓட்டைகள் கறுப்பாகவும் வெப்பப் படத்தில் உடல் சூட்டால் பளிச்சென்றும் தெரியும். இரண்டு படத்திலும் ஓட்டைகளின் மையப்புள்ளிகளை எடுத்து, ஓபன்சிவியின் ஃபைண்ட்ஹோமோகிராஃபிக்கு (findHomography) கொடுங்கள், ஒரு படத்தின் புள்ளி மற்றதில் எங்கே வரும் என்ற கணக்கை அது தரும். ஆள் வழக்கமாக நிற்கப்போகும் தூரத்திலேயே இதைச் செய்யுங்கள், தூரம் மாறினால் பொருத்தம் விலகும்.

படி 3: முகத்தை வெப்கேம் படத்தில் தேடுங்கள். 2001இல் வந்த வயோலா-ஜோன்ஸ் முறையும் ஓடும், ஆனால் நான் ஓபன்சிவியோடு ஓடும் யூநெட் (YuNet) என்ற முகம் தேடும் மாடலைத்தான் சொல்வேன், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் பிடித்துவிடும்.

படி 4: முகத்தைச் சுற்றிக் கிடைத்த கட்டத்தை படி 2இன் கணக்கை வைத்து வெப்பப் படத்துக்கு மாற்றி, நெற்றிப் பகுதியின் சராசரியை எடுங்கள். லெப்டானில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பநிலையையே தரும் டிலீனியர் (TLinear) முறையை இயக்கியிருந்தால் மதிப்பு கெல்வினின் நூறில் ஒரு பங்கில் வரும்: 30715 என்றால் 307.15 கெல்வின், அதாவது 34 டிகிரி செல்சியஸ். 30க்கும் 38க்கும் நடுவே இருந்தால் ஆள் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம், அப்புறம் உங்கள் அறைக்கு ஏற்ப மாற்றுங்கள். போஸ்டர் அறைச் சூட்டிலேயே இருப்பதால் இங்கே மாட்டிக்கொள்ளும். ஃபோன் திரை சூடாக இருக்கலாம், ஆனால் நிஜ முகத்தில் பெரும்பாலும் தெரிவதுபோல அதில் மூக்கு நெற்றியைவிடக் குளிர்ச்சியாகத் தெரியாது. கண்ணைச் சுற்றி மட்டும் அளக்காதீர்கள், மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அந்த இடம் கறுப்புத் திட்டாகத்தான் வரும்.

இருட்டில் படி 3 வேலை செய்யாது. அப்போது வெப்பப் படத்திலேயே தேட வேண்டும், அதற்கு வெப்பப் படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்த மாடல் வேண்டும். சாதாரண மாடலை அப்படியே ஓட்டினால் நிறைய முகங்கள் விட்டுப்போகும்.

இன்னொன்று, கேமராவை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கண்ணாடி இந்தக் கதிரை விடாது, வெளியே நிற்பவருக்குப் பதில் உங்கள் சூடே அதில் பட்டுத் திரும்பி வரும்.