'சயின்டிஃபிக்லி': எங்கே வைப்பது, தமிழில் எப்படிச் சொல்வது

'சயின்டிஃபிக்லி' என்ற ஆங்கில வினையடையை எழுதும் முன்பும் மொழிபெயர்க்கும் முன்பும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த வாக்கியத்தில் அது 'எப்படி?' என்பதற்குப் பதிலா, 'எந்த வகையில்?' என்பதற்குப் பதிலா? வாக்கியத்தில் அதன் இடம், அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல், அந்தச் சொல் தேவைதானா என்பதெல்லாம் இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகும்.

'தி சாம்பிள்ஸ் வேர் சயின்டிஃபிக்லி அனலைஸ்டு' என்றால் மாதிரிகளை எப்படி ஆராய்ந்தார்கள் என்று சொல்கிறது: அறிவியல் முறைப்படி. 'தி ஃபாசில் இஸ் சயின்டிஃபிக்லி இம்பார்ட்டன்ட்' என்றால் அந்தப் புதைபடிவம் எந்த வகையில் முக்கியம் என்று சொல்கிறது: அறிவியல் நோக்கில். பிரித்தறிய எளிய வழி, 'முறைப்படி' என்று போட்டுப் பார்ப்பது. 'அறிவியல் முறைப்படி ஆராய்ந்தார்கள்' என்பது சரியாக நிற்கும். 'அறிவியல் முறைப்படி முக்கியமானது' என்பது நிற்காது. நம்மில் பலர் இரண்டுக்கும் 'அறிவியல் ரீதியாக' என்று எழுதிவிடுகிறோம். அது தவறான சொல் அல்ல. ஆனால் இரண்டு பொருளுக்கும் பொருந்துவதால், எழுதுபவர் யோசிக்காமலே அடுத்த வரிக்குப் போய்விட இடம் தருகிறது.

எழுத்தும் உச்சரிப்பும்

மொத்தம் 14 எழுத்துகள்: எஸ், சி, ஐ, இ, என், டி, ஐ, எஃப், ஐ, சி, ஏ, எல், எல், ஒய். பெரும்பாலான தவறு கடைசியில்தான் நடக்கிறது. 'சயின்டிஃபிக்' என்பதோடு எல், ஒய் மட்டும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். 'ஐ-சி' என்று முடியும் பெயரடைகள் வினையடையாகும்போது ஏ, எல், எல், ஒய் நான்கும் சேர வேண்டும். பேசிக்லி, ஹிஸ்டாரிக்லி எல்லாம் அப்படித்தான். நினைவில் வைக்க வேண்டிய முக்கிய விலக்கு 'பப்ளிக்லி'. அதற்கு எல், ஒய் மட்டும் போதும்.

எழுத்தில் 'ஏ' இருந்தாலும் பேச்சில் அது பெரும்பாலும் கேட்காது: சை-யன்-டிஃ-பிக்-லி. அழுத்தம் 'டிஃ' மேல் விழ வேண்டும். தமிழ் பேசுபவர்கள் முதல் அசையான 'சை'யை அழுத்தத் தலைப்படுவார்கள். அப்போது கேட்பவர் காதில் சொல் சட்டென்று பிடிபடாது. 'பிக்கலி' என்று ஒரு குறுகிய உயிரொலி சேர்ந்து ஒலித்தால் பாதகமில்லை. அழுத்தம் இடம் மாறுவதுதான் சிக்கல்.

வாக்கியத்தில் இடம்

செயப்பாட்டு வாக்கியத்தில் முதன்மை வினைக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும்: 'இட் ஹேஸ் பீன் சயின்டிஃபிக்லி டெஸ்டெட்'. செய்வினையில் செயப்படுபொருளுக்குப் பின்னால்: 'தே டெஸ்டெட் தி வாட்டர் சயின்டிஃபிக்லி'. 'தே டெஸ்டெட் சயின்டிஃபிக்லி தி வாட்டர்' என்று எழுதுவது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. காரணம் நம் மொழிப் பழக்கம். தமிழில் 'தண்ணீரை அறிவியல் முறைப்படி சோதித்தார்கள்' என்று வினையடையை வினையை ஒட்டியே வைக்கிறோம். அதே நெருக்கத்தை ஆங்கிலத்திலும் தேடினால், வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே சொல் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கிலம் அந்த இடைவெளியைப் பொதுவாக ஏற்பதில்லை.

பெயரடையைத் தழுவி வரும்போது அதற்கு முன்னால்: சயின்டிஃபிக்லி அக்யூரேட், சயின்டிஃபிக்லி வேலிட், சயின்டிஃபிக்லி சவுண்ட். நடுவே இணைப்புக்கோடு வேண்டாம். எல், ஒய்-யில் முடியும் வினையடைக்குப் பின் கோடு போடாமல் விடுவதே ஆங்கிலப் பதிப்பகங்களின் பொதுவான நடைமுறை.

வாக்கியத் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வந்தால் பொருள் 'எந்த வகையில்' என்பதற்கு மாறிவிடும். 'ஹி அப்ரோச்டு தி ப்ராப்ளம் சயின்டிஃபிக்லி' என்றால் பிரச்சினையை அறிவியல் முறையில் அணுகினார். 'சயின்டிஃபிக்லி, தி ப்ராப்ளம் இஸ் சால்வ்டு' என்றால் அறிவியலைப் பொறுத்தவரை அது தீர்ந்துவிட்டது. பணம், சட்டம், அரசியல் ஆகியவற்றின் பக்கம் இன்னும் பாக்கி இருக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. அந்த மறைகுறிப்பைத் தமிழில் கொண்டுவர 'பொறுத்தவரை' என்ற சொல்லே போதும். 'சயின்டிஃபிக்லி ஸ்பீக்கிங்' என்பதற்கும் இதுவே பொருந்தும்; 'அறிவியல் ரீதியாகப் பேசினால்' என்று பேச்சைக் கொண்டுவர வேண்டியதில்லை.

தமிழில் கொண்டுவரும்போது

வினையடைக்கு வினையடையையே தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'தி பால்மைரா, சயின்டிஃபிக்லி நோன் ஆஸ் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' என்ற தொடரைப் பாருங்கள். 'அறிவியல் ரீதியாக பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்று அழைக்கப்படும் பனை' என்று எழுதுவார்கள். தமிழில் இதற்கு நேரான வழக்கு ஏற்கெனவே உண்டு: 'பனையின் அறிவியல் பெயர் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்.' வினையடை பெயராக மாறியதில் எதுவும் இழப்பில்லை.

'சயின்டிஃபிக்லி லிட்டரேட்' என்றால் அறிவியல் அறிவு பெற்றவர். 'சயின்டிஃபிக்லி கிஃப்டட் சில்ட்ரன்' என்றால் அறிவியலில் திறமையுள்ள குழந்தைகள். இங்கே வேற்றுமை உருபு 'இல்' ஒன்றே வினையடையின் வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு விளையாட்டு வீரர் 'ட்ரெயின்ஸ் சயின்டிஃபிக்லி' என்றால், ஓய்வு, உணவு, பயிற்சி அளவு எல்லாவற்றையும் அளந்து திட்டமிட்டுப் பயிற்சி செய்கிறார் என்று விரித்துச் சொல்வதே தெளிவு.

'அறிவியல்பூர்வமாக' என்ற சொல்லை, அறிவியலை அடிப்படையாகக் கொண்டு என்ற பொருள் வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: அறிவியல்பூர்வமாக விளக்கினார், அறிவியல்பூர்வமாக அணுகினார். இலங்கை வாசகர்களுக்கு எழுதினால் 'விஞ்ஞானம்' என்றே தொடங்குங்கள். அங்கே பள்ளிப் பாடத்தின் பெயரே விஞ்ஞானம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அறிவியல். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டும் வேறு வேறு பொருள் தருவதாக வாசகர் மயங்குவார்.

'ப்ரூவன்' கூட வரும்போது

அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். 'சயின்டிஃபிக்லி ப்ரூவன்' என்ற இரண்டு சொற்கள் விளம்பரத்திலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் வருகின்றன. 'அறிவியல் ரீதியாக நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று நாமும் அப்படியே எழுதி அனுப்பிவிடுகிறோம்.

'டர்மெரிக் இஸ் சயின்டிஃபிக்லி ப்ரூவன் டு கில் கேன்சர் செல்ஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட செய்தியின் பின்னால் பெரும்பாலும் இருப்பது, ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்கள்மேல், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளை இட்டுப் பார்த்த சோதனை. மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சில விழுக்காடுதான். அதையும் நாம் சாப்பிடும்போது குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆக, நேர்மையான தமிழ் வாக்கியம் இது: 'ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய் செல்களை, மஞ்சளில் உள்ள குர்குமின் அழித்ததாக ஓர் ஆய்வு கூறுகிறது.' வினையடை போய்விட்டது; அது மறைத்து வைத்திருந்த தகவல் வெளியே வந்துவிட்டது. உடல்நலம் பற்றிய செய்தி என்றால் இந்த உழைப்பைத் தவிர்க்கவே கூடாது. ஒரு சொல்லை நம்பி மருந்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது நான்கு கேள்வி கேட்பது. எதன்மேல் சோதித்தார்கள்: செல்லிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேர்? எவ்வளவு அளவு கொடுத்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? பதில் கிடைத்தால் அதை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் 'என்று அந்த நிறுவனம் கூறுகிறது' என்று, சொன்னவரின் பொறுப்பிலேயே விடுங்கள்.

அளவு பற்றிய கேள்விக்கு அமெரிக்காவில் நல்ல சான்று உண்டு. டானன் நிறுவனத்தின் ஆக்டிவியா தயிர் விளம்பரங்கள் குறித்த வழக்கில் 2009-இல் சமரசம் ஏற்பட்டது. நிறுவனம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 'கிளினிக்கலி ப்ரூவன்', 'சயின்டிஃபிக்லி ப்ரூவன்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, 'கிளினிக்கல் ஸ்டடீஸ் ஷோ' என்பது போன்ற தொடரைப் போட இசைந்தது. மறு ஆண்டு அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் செய்த உடன்பாட்டின்படி, மலச்சிக்கல் சார்ந்த பயனைச் சொல்ல வேண்டுமானால் நாளுக்கு மூன்று பரிமாறல் சாப்பிட வேண்டும் என்பதையும் விளம்பரம் தெரிவிக்க வேண்டும். 'நிரூபிக்கப்பட்டது' என்பதற்கும் 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்பதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு.

முடிந்த இடத்தில் பொதுவான வினையடையை விட்டுக் குறிப்பான வினையடைக்குப் போங்கள். நோயாளிகளிடம் சோதித்தால் கிளினிக்கலி. கருத்தளவில் கணித்தால் தியரிட்டிக்லி, சோதனையில் கண்டால் எக்ஸ்பெரிமென்ட்டலி: ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளைக் கோட்பாடு 1964-இல் முன்மொழிந்தது, ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்னின் சோதனைகள் 2012-இல் கண்டன. இரண்டுமே அறிவியல்தான். 'சயின்டிஃபிக்லி' என்று மட்டும் சொன்னால் இடையில் போன 48 ஆண்டுகள் காணாமல் போகும். 'ஸ்டாட்டிஸ்டிக்லி சிக்னிஃபிகன்ட்' என்பதை 'புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க' என்று எழுதலாம். 'பெரிய அளவிலான' என்று எழுதக் கூடாது. மிகச் சிறிய விளைவும் இந்த அடைமொழியைப் பெறும்.

அறிவியலாளர்கள் தாங்களே 'ப்ரூவன்' என்பதைத் தவிர்த்து, உறுதியைப் படிப்படியாகச் சொல்வார்கள். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசி அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் குறைந்தது 66 விழுக்காடு வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் குறைந்தது 90, 'வர்ச்சுவலி செர்ட்டன்' என்றால் குறைந்தது 99. இவற்றையெல்லாம் 'அறிவியல் ரீதியாக உறுதி' என்று ஒரே சொல்லில் கட்டிவிடாதீர்கள்.

எதிர்மறை

'நாட் சயின்டிஃபிக்லி ப்ரூவன்' என்றால் இன்னும் நிறுவப்படவில்லை என்றுதான் பொருள். பொய் என்று நிறுவப்பட்டது என்ற பொருள் இல்லை. சோதித்துப் பார்த்துப் பொய் என்று கண்டிருந்தால் ஆங்கிலத்தில் 'டிஸ்ப்ரூவ்டு' என்று வரும். அதேபோல 'இட் வாஸ் நாட் சயின்டிஃபிக்லி டெஸ்டெட்' என்பதும் 'இட் வாஸ் டெஸ்டெட் அன்சயின்டிஃபிக்லி' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் சோதனை நடந்தது உறுதி, நடந்த விதம் சரியில்லை. முதலாவதில் சோதனையே நடந்திராமலும் இருக்கலாம். 'அறிவியல் முறைப்படி சோதிக்கப்படவில்லை' என்ற தமிழ் வாக்கியத்திலும் இதே ஐயம் இருக்கிறது. சோதனையே நடக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் 'எந்த ஆய்வும் நடக்கவில்லை' என்று எழுதுங்கள். நடந்த முறையில் குறை என்றால் அந்தக் குறையைச் சொல்லுங்கள்: ஒப்பிடும் குழு வைக்கவில்லை, பங்கேற்றவர்கள் போதவில்லை, அளவிடும் கருவியைச் சரிபார்க்கவில்லை.