இகேபானா: புதிதாகப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய மலரமைப்புக் கலையான இகேபானாவைப் புதிதாகப் பழகுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, காசு கொடுத்து வாங்கிய பூவையும் கிளையையும் வெட்டிக் கழிக்க மனம் வராததாலேயே நேர்கின்றன. கியோத்தோ நகரின் ரொக்காகுதோ கோயிலைச் சேர்ந்த இகெனோபோ துறவியரிடம் வளர்ந்த இக்கலையில் (அவர்களுள் ஒருவரான சென்கெய் அமைத்த மலர்களைப் பற்றிய குறிப்பு 1462ஆம் ஆண்டிலேயே உண்டு), பூவுக்கு உள்ள மதிப்பு பூக்களுக்கு இடையே விடப்படும் வெற்றிடத்துக்கும் உண்டு. அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால் எஞ்சுவது வெறும் பூங்கொத்துதான்.

ஆகவே கிளையை எடுத்தவுடன் செருகிவிடக் கூடாது. கையை நீட்டிப் பிடித்து, மெல்லத் திருப்பி, அதன் வளைவு எந்தப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது என்று பார்த்தபின், அவ்வளைவை மறைக்கும் சிறு கிளைகளையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இலைகளையும் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பாதி இலைகள் மேசையில் கிடப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அடர்ந்த தழைக்குள்ளிருந்து கிளையின் கோடு வெளிப்படுவதைப் பார்ப்பதே, கற்பவருக்கு முதல் வகுப்பிலேயே கிடைக்கக்கூடிய பெரிய இன்பம் என்பது என் எண்ணம்.

அளவு பார்க்காமல் எல்லாத் தண்டுகளையும் ஒரே உயரத்தில் வெட்டுவது அடுத்த தவறு. இகேபானாவின் பயிற்சி மரபுகளுள் (இவற்றைப் ‘பள்ளி’ என்பர்) ஒன்றான சொகெத்சு பள்ளியின் அடிப்படை அமைப்பில், கலத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டிவரும் தொகையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் ‘ஷின்’ எனப்படும் முதன்மைத் தண்டுக்கு வேண்டும். அதில் முக்கால் பங்கு ‘சோஎ’ எனப்படும் இரண்டாம் தண்டு. அதிலும் முக்கால் பங்கு ‘ஹிகாஎ’ எனப்படும் மூன்றாம் தண்டு. 30 செ.மீ. அகலமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள தட்டில் ஷின் ஏறத்தாழ 52 செ.மீ. இருந்தால் போதும். நிமிர்ந்த அமைப்பில் இம்மூன்றும் செங்குத்துக் கோட்டிலிருந்து முறையே 15, 45, 75 பாகை சாய்கின்றன. இச்சாய்வு பக்கவாட்டில் மட்டுமன்றிப் பார்ப்பவரை நோக்கி முன்னாலும் வர வேண்டும்; இல்லையேல் அமைப்பு சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையாகிவிடும்.

தண்டுகளைத் தாங்கும் ஊசித்தட்டான கென்சானை அகன்ற கலத்தின் நட்டநடுவில் வைப்பதும் பலர் செய்வதே. அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால் மறுபக்கத்தில் நீர்ப்பரப்பு விரிந்து தெரியும். கோடைக்காலத்தில் அந்த நீரே அமைப்புக்குக் குளிர்ச்சி தருகிறது. தண்டைச் சாய்த்தபடியே குத்தினால் அது நிலைக்காது. நேராகக் குத்தி நிறுத்தியபின் வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். மெல்லிய தண்டின் அடியில் காகிதம் சுற்றினால் ஊசிகளுக்கு இடையே நழுவாது. ஊசிகள் மூழ்குமளவு நீர் ஊற்றவும் மறக்கலாகாது.

பூ விரைவில் வாடுவதற்குப் பல வேளைகளில் வெட்டும் முறையே காரணம். தண்டைக் காற்றில் வெட்டினால் அதன் குழாய்களுக்குள் காற்று புகுந்து நீரேற்றம் தடைப்படும் என்பதால், நீருக்குள் அமிழ்த்தி வெட்டும் ‘மிசுகிரி’ முறையைக் கையாள்கிறார்கள். சாமந்தியைக் கத்தரியால் வெட்டாமல் நீருக்குள் கையால் ஒடிப்பதும் உண்டு.

இகெனோபோ, ஒஹாரா, சொகெத்சு ஆகிய பள்ளிகளின் விதிகளை ஒரே தட்டில் கலப்பதையும் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. முதன்மைத் தண்டுகளின் பெயர்கள்கூடப் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதால், அருகில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் கிடைக்கிறாரோ அதன் அடிப்படை அமைப்புகளை முடித்தபின் மற்றவற்றுக்குச் செல்லலாம்.