மோனோகாட்டிலீடனஸ்: ஏழு அசைச் சொல்லைப் பிரித்துப் பழகுவது எப்படி?

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 16 எழுத்துகள். ஒரே மூச்சில் சொல்லப் போனால் பாதியில் நாக்கு சிக்கிக்கொள்ளும். பொருள் புரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்தும் போகும். அதனால் பொருளில் தொடங்குவோம்.

படி 1: பொருளால் பிரியுங்கள்

மோனோ + காட்டிலீடன் + அஸ். 'மோனோ' என்றால் ஒன்று. 'காட்டிலீடன்' என்பது விதையிலை. கிரேக்கத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. கடைசி 'அஸ்', பெயர்ச்சொல்லைப் பெயரடையாக்கும் விகுதி. ஃபேமஸ், டேஞ்சரஸ் என்ற சொற்களின் முடிவில் வருவதும் இதுதான். ஆக, 'ஒற்றை விதையிலை உடைய'. நெல், சோளம், தென்னை எல்லாம் இந்த வகை. விதையிலையின் எண்ணிக்கையை வைத்துத் தாவரங்களைப் பிரிக்கும் முறையை ஆங்கிலேயரான ஜான் ரே 1682-இல் வெளியிட்ட நூலிலேயே காணலாம்.

படி 2: ஒலியால் பிரியுங்கள்

மா-ன-காட்-டி-லீ-ட-னஸ். மொத்தம் ஏழு அசை. நம் யாப்பின் நேர், நிரைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். நிரையில் இரண்டு உயிரொலிகள் ஒரே அசைக்குள் அடங்கிவிடும். இங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான்.

'அஸ்' என்று வெட்டியது இப்போது 'னஸ்' ஆகிவிட்டதே என்று தோன்றும். அவன் + உடன் சேர்ந்து 'அவனுடன்' ஆகும்போது ன் என்ற மெய்மேல் உயிர் ஏறிக்கொள்கிறது இல்லையா, அதேதான். பொருளின் வெட்டும் ஒலியின் வெட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டியதில்லை. இது பிடிபட்டுவிட்டால் எந்த நீளச் சொல்லும் பயமுறுத்தாது.

படி 3: அழுத்தம்

தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறையச் சமமாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படிச் செய்தால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது. முழு அழுத்தமும் 'லீ'யில். 'மா', 'காட்' இரண்டிலும் லேசாக. மற்றவற்றைத் தேய்த்துவிடுங்கள், 'னோ' என்பது 'ன' ஆனது அதனால்தான்.

படி 4: பின்னாலிருந்து பழகுங்கள்

னஸ். டனஸ். லீடனஸ். டிலீடனஸ். காட்டிலீடனஸ். அப்புறம் முழுச் சொல். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை; ஒவ்வொரு முறையும் பழகிய பகுதியில் போய் முடிவதால் நாக்கு தடுமாறுவதில்லை.

சரி, இனி தலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'டை' என்றால் இரண்டு: டைகாட்டிலீடனஸ், ஆறு அசை, அவரையும் மாவும் இதில் சேரும். 'பாலி' என்றால் பல: பாலிகாட்டிலீடனஸ், மறுபடியும் ஏழு, பைன் மர விதை முளைக்கும்போது வட்டமாக விரியும் பல விதையிலைகளுக்கான சொல். மூன்றிலும் அழுத்தம் அதே 'லீ'யில்தான்.