ஐ.நா. ஓட்டெடுப்புச் செய்தியைப் படிக்கும்போது

பாதுகாப்பு சபையில் தீர்மானம் தோற்றது என்று செய்தி வந்தால் முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்தம் 15 நாடுகள். நிறைவேற 9 ஆதரவு ஓட்டு வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஐவரில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஒருவர்கூட எதிர்த்திருக்கக் கூடாது; அப்படிக் கவிழ்க்கும் எதிர் ஓட்டுதான் வீட்டோ. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பு பற்றிய தீர்மானத்துக்கு 11 ஓட்டு கிடைத்தும், ரஷ்யாவின் ஒற்றை எதிர் ஓட்டில் கவிழ்ந்தது.

பலர் வழுக்குவது அடுத்த இடத்தில். நிரந்தர உறுப்பினர் ஆதரிக்காமலும் எதிர்க்காமலும் விலகி நின்றால் அது வீட்டோ ஆகாது. காசா போர்நிறுத்தம் கோரிய 2728ஆம் தீர்மானம் 2024 மார்ச்சில் 14 ஓட்டோடு நிறைவேறியது, அமெரிக்கா விலகி நின்றதால்தான்.

எல்லா உறுப்பு நாடுகளும் அமரும் பொதுச் சபையில் வீட்டோ கிடையாது. ஆனால் அந்தத் தீர்மானங்கள் பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது. அங்கே ஒரு கழித்தல் போட்டுப் பாருங்கள். 2022 மார்ச் 2, அதே படையெடுப்பு பற்றிய பொதுச் சபைத் தீர்மானம்: ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35. கூட்டினால் 181. உறுப்பினர்களோ 193. மீதி 12 நாடுகள் ஓட்டே பதிவு செய்யவில்லை. தலைப்புச் செய்தியில் இது பெரும்பாலும் வராது.

நேரமிருந்தால் மூலத் தீர்மானத்தையே திறந்து, எண்ணிட்ட பத்திகளின் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். பாதுகாப்பு சபை ‘முடிவு செய்கிறது’ என்றால் உறுப்பு நாடுகள் கட்டுப்பட்டாக வேண்டும். ‘ஊக்குவிக்கிறது’ என்றால் வெறும் வேண்டுகோள். எண்ணில்லாத தொடக்கப் பத்திகள் முன்னுரைதான், வேகமாகத் தாண்டலாம். ஓட்டுக்கு முன்போ பின்போ தூதர்கள் சொல்லும் விளக்கவுரையைத் தாண்டிவிடாதீர்கள். ஒரு நாடு ஏன் விலகி நின்றது என்பது அதில்தான் இருக்கும்.