செர்னில் நிலத்தடியில் இறங்குவதற்கு: பயிற்சி, நுழைவுரிமை, பாதுகாப்பு விதிகள்

ஜெனீவாவை ஒட்டி, சுவிட்சர்லாந்து–பிரான்சு எல்லையின் இரு பக்கமும் பரவியிருக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் இந்தியா 2017ஆம் ஆண்டு இணை உறுப்பு நாடாயிற்று. ஆராய்ச்சி மாணவர்கள், பொறியாளர்கள், ஒப்பந்த நிறுவனங்களின் பணியாளர்கள் என நம்மவர் பலர் அங்கே சென்று வருகிறார்கள். முதன்முறை செல்பவர், நுழைவு அட்டை கைக்கு வந்ததும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த அட்டையை மட்டும் கொண்டு வளாக வாயிலையும் அலுவலகக் கட்டடங்களையும் தாண்ட முடியாது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.எச்.சி. என்னும் துகள் முடுக்கியின் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், நீங்கள் கால் வைக்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் ஒரே நாளில் பொருந்தி வரவேண்டும்: உரிய பயிற்சிகள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அந்த இடத்துக்கான நுழைவுரிமை உங்கள் பெயரில் வழங்கப்பட்டிருக்க வேண்டும், அன்று நீங்கள் செய்யப்போகும் வேலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கதவு திறக்காது; கதவருகே நின்று யாரிடம் முறையிட்டும் பயனில்லை.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

செர்ன் கணினிக் கணக்கு கிடைத்த அன்றே இணையவழிப் பயிற்சிகளைத் தொடங்கிவிடலாம். ஆய்வகத்தின் பொதுப் பாதுகாப்பு, அவசரகால வெளியேற்றம், கணினிப் பாதுகாப்பு, மேற்பார்வைக்கு உட்பட்ட கதிர்வீச்சுப் பகுதி ஆகியவற்றுக்கான பாடங்களை வீட்டிலிருந்தே படித்துத் தேர்வையும் எழுதி முடித்துவிட முடியும். கட்டுப்படுத்தப்பட்ட கதிர்வீச்சுப் பகுதிக்கான பயிற்சியும், உயிர்காப்பு மூச்சுக் கவசத்துக்கான பயிற்சியும் அப்படியல்ல. நேரில் சென்று, கையால் செய்து பார்த்தே முடிக்க வேண்டியவை அவை. பிரான்சுப் பக்கத்துப் பிரெவெசான் வளாகத்தில் இதற்கென ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. முடுக்கிச் சுரங்கத்தின் மாதிரி ஒன்றையே அங்கே அமைத்து வைத்திருக்கிறார்கள். வகுப்புகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன, இடங்களோ குறைவு. ஆகவே விமானச் சீட்டு எடுக்கும்போதே வகுப்புக்கும் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை. வந்து இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், முதல் இரண்டு வாரங்களை மேலே அலுவலகத்தில் அமர்ந்தே கழிக்க நேரிடும்.

இன்னொரு தாமதம் நம் பக்கத்திலிருந்தே வருவது. டோசிமீட்டர் என்னும் கதிர்வீச்சு அளவிப் பட்டையைப் பெற, கதிர்வீச்சுப் பகுதியில் பணிபுரிய நீங்கள் உடல்தகுதி உடையவர் என்ற மருத்துவச் சான்றும், உங்களை அனுப்பும் நிறுவனத்தின் கையொப்பமும் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு கோப்பு எத்தனை மேசைகளில் இளைப்பாறிவிட்டு வரும் என்பது எல்லோரும் அறிந்ததே. முதலில் கையில் எடுக்க வேண்டிய காகிதம் இதுதான்.

டோசிமீட்டரும் அளவுகளும்

கதிர்வீச்சுப் பகுதியில் பணியாற்றுவோரை செர்ன் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஆ வகையினர் தொடர்ந்த 12 மாதங்களில் பெறக்கூடிய உச்ச அளவு 6 மில்லிசீவெர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அ வகையினருக்கு அது 20 மில்லிசீவெர்ட். நம்மில் பெரும்பாலோர் ஆ வகையில்தான் வருவோம். இந்த எண்ணை இடங்களின் வகைப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். எளிய கட்டுப்பாட்டுப் பகுதி என்பது மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட்டுக்கு, அதாவது 0.05 மில்லிசீவெர்ட்டுக்கு உட்பட்டது. குறுகிய நேரமே தங்கக்கூடிய பகுதியில் அது மணிக்கு 2 மில்லிசீவெர்ட் வரை போகலாம். உயர் கதிர்வீச்சுப் பகுதியில் மணிக்கு 100 மில்லிசீவெர்ட் வரை. அதற்கு மேற்பட்டது தடைசெய்யப்பட்ட பகுதி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முதல் வகைப் பகுதியின் உச்ச எல்லையில் நின்றால் ஆண்டுக்குரிய 6 மில்லிசீவெர்ட்டை எட்ட 120 மணி நேரம் ஆகும், இரண்டாம் வகைப் பகுதியின் உச்ச எல்லையில் நின்றால் மூன்றே மணி நேரம் போதும். கதவில் ஒட்டியிருக்கும் மூவிலைச் சின்னம் ஒன்றுபோலவே தோன்றும். அதன் கீழுள்ள எழுத்தைப் படிக்காமல் உள்ளே போகக் கூடாது என்பது இதனால்தான்.

முடுக்கி ஓடாதபோது கதிர்வீச்சு ஏது என்ற கேள்வி புதியவர் பலருக்கு எழும். துகள் கற்றை பட்ட உலோகம் தானே கதிரியக்கம் பெற்றுவிடுகிறது. கற்றையை நிறுத்திய பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தணியும். கற்றையின் ஓரங்களைச் செதுக்கும் வடிப்பான்கள் உள்ள இடங்களில் இது மிகுதி. செர்னில் பணியாளர்கள் பெறும் கதிர்வீச்சின் பெரும்பகுதி பராமரிப்பு வேலைகளின்போது வருவது என்பதை நினைவில் வையுங்கள். எனவே இயன்றால் வேலையைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். கருவிகளை எடுத்து அடுக்குவது, வரைபடத்தைப் பார்ப்பது போன்றவற்றைத் தள்ளி நின்று செய்யுங்கள். சிறிய மூலம் ஒன்றிலிருந்து இரட்டிப்புத் தொலைவு விலகினால் பெறும் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

டோசிமீட்டரை மார்புப் பகுதியில், முன்பக்கம் வெளியே பார்த்திருக்குமாறு அணிய வேண்டும். மாதம் ஒரு முறை வளாகத்தில் உள்ள படிப்பான் கருவிகளில் ஒன்றில் வைத்து அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்த மாதம் நிலத்தடிக்கே போகவில்லை என்றாலும் இது கட்டாயம். குறுகிய நேரமே தங்கக்கூடிய பகுதிக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், அவ்வப்போதைய அளவைக் காட்டி ஒலி எழுப்பும் இரண்டாவது கருவி ஒன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். டோசிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். அங்குள்ள எக்ஸ்ரே கருவியில் அது பட்டால், உங்கள் உடலில் விழாத கதிர்வீச்சு உங்கள் கணக்கில் ஏறக்கூடும். கருவுற்றிருக்கும் பெண்கள் அதை எவ்வளவு விரைவில் மருத்துவப் பிரிவில் தெரிவிக்கிறார்களோ அவ்வளவு நல்லது; கருவில் உள்ள குழந்தைக்கு 1 மில்லிசீவெர்ட்டே வரம்பு.

மூச்சுக் கவசம் எதற்கு

கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஹீலியத்தை மறந்துவிடுகிறார்கள். எல்.எச்.சி. காந்தங்களை மைனஸ் 271 டிகிரி செல்சியசில் வைத்திருக்க ஏறத்தாழ 120 டன் ஹீலியம் பயன்படுகிறது. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பத்துக்கு வந்தால் 700 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். சுரங்கத்தில் அது காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2008 செப்டம்பர் 19 அன்று காந்தங்களுக்கு இடையிலான ஒரு மின்னிணைப்பு பழுதாகி ஏறத்தாழ 6 டன் ஹீலியம் கசிந்தது. மின்னோட்டச் சோதனை நடந்துகொண்டிருந்ததால் சுரங்கத்தில் எவரும் இருக்கவில்லை. அதனால்தான் ஒருவருக்கும் காயமில்லை. காந்தங்களில் முழு மின்னோட்டம் பாயும் நேரத்தில் சுரங்கத்துக்குள் யாரையும் விடாத இன்றைய கண்டிப்பான விதிகளுக்கு அந்த நிகழ்ச்சியே பின்னணி.

ஆக்சிஜன் குறைவதை உடல் உணர்வதில்லை. மூச்சுத் திணறல் என்ற உணர்வைத் தருவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஹீலியத்தைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே எச்சரிக்கை எதுவும் இல்லாமல், இரண்டொரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடலாம். ஒலியும் மின்னும் விளக்கும் சேர்ந்த எச்சரிக்கை எழுந்தவுடன், காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் கவசத்தை அணிய வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கவசத்தைப் பயன்படுத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து, பட்டையைக் கழுத்தில் மாட்டி, வாய்க்கடியைப் பற்களுக்கிடையே பொருத்தி உதடுகளால் இறுக மூடிக்கொண்டு, மூக்குக் கவ்வியை மாட்ட வேண்டும். அதன்பின் வாயால் மட்டுமே சுவாசிக்க வேண்டும். உள்ளே இருக்கும் வேதிப்பொருள் நீங்கள் வெளிவிடும் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து ஆக்சிஜனைத் தருகிறது. அந்த வினையால் வெப்பமும் உண்டாகிறது. சில நிமிடங்களில் வாய்க்குள் வரும் காற்று சூடாகவும் உலர்ந்தும் இருக்கும். பழுதாகிவிட்டதோ என்று பயந்து வாய்க்கடியைக் கழற்றிவிடுவதுதான் புதியவர் செய்யும் ஆபத்தான பிழை. சூடு ஏறுகிறது என்றால் கவசம் வேலை செய்கிறது என்று பொருள். அவசரத்தில் பேச வாய் திறப்பதும் அதே போன்றதுதான், கையசைவே போதும்.

கவசம் ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கும், ஓடினால் அதற்கும் குறையும். சுரங்கத்துக்கு 8 முதன்மை நுழைவிடங்கள் உள்ளன. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 3.3 கிலோமீட்டர். நடுப்பகுதியில் நிற்பவர் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அந்த அரைமணி இதற்கானது. கையிலிருக்கும் வேலையை முடிப்பதற்கானதன்று. ஹீலியம் மேலே ஏறிக் கூரையை ஒட்டிப் பரவும் என்பதால் குனிந்து, கசிவினால் எழும் வெண்புகைக்கு எதிர்த் திசையில் நடக்க வேண்டும்.

தீப்பிடித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தாதே என்று நம் எல்லோருக்கும் சிறுவயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். எல்.எச்.சி.யில் அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும். அங்கே மின்தூக்கி இருக்கும் கூடத்துக்குள் காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தியே வைத்திருப்பதால் புகையோ ஹீலியமோ உள்ளே வராது. வெளியேறும் வழியும் பாதுகாப்பான புகலிடமும் அதுவே.

நுழைவுரிமையும் வேலை அறிவிப்பும்

பயிற்சிகள் முடிந்ததும் ஆடம்ஸ் என்னும் இணையத்தளத்தில் குறிப்பிட்ட இடத்துக்கான நுழைவுரிமையைக் கோர வேண்டும். காரணத்தை ஒரே சொல்லில் எழுதாமல், எந்த இடத்தில் என்ன வேலை என்று தெளிவாக எழுதினால் ஒப்புதல் விரைவில் வரும். பயிற்சி ஒன்று காலாவதியானால் உரிமையும் தானாகவே நின்றுவிடும் என்பதால், ஒவ்வொன்றின் முடிவுத் தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

அதற்கு மேல், அன்றைய வேலையை இம்பாக்ட் என்னும் முறைமையில் பதிய வேண்டும்: யார் யார், எங்கே, எப்போது, என்ன கருவிகளோடு, என்னென்ன ஆபத்துகள் என்று. ஒரே இடத்தில் ஒரு குழு வெல்டிங் செய்ய, இன்னொரு குழு மேலே பாரம் தூக்க, மூன்றாவது குழு மின்கம்பியை இணைக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் தேவை புரியும். கதிர்வீச்சுப் பகுதி வேலைக்கு, எதிர்பார்க்கப்படும் அளவையும் முன்கூட்டியே மதிப்பிட்டுக் காட்ட வேண்டும்.

கதவருகே

தலைக்கவசத்தில் விளக்கு, பாதுகாப்புக் காலணி, டோசிமீட்டர், மூச்சுக் கவசம், நுழைவு அட்டை: இவை அனைத்தும் உங்கள் உடலில் இருக்க வேண்டும், நண்பரின் பையில் அல்ல. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தால் கருவிழியைப் படித்து உங்களை அடையாளம் காணும். கருவிகளைத் தனியாக உள்ள சரக்கு வாயில் வழியே அனுப்ப வேண்டும். அதற்குள் ஆள் யாரும் இல்லை என்று கேமராக்கள் சரிபார்க்கும்.

நீண்ட நிறுத்தக் காலத்தில் பொது நிலையில் அட்டையும் உரிமையும் இருந்தால் போதும். கற்றை ஓட்டத்துக்கு நடுவே சில மணி நேரம் மட்டும் திறக்கும்போது நிலைமை வேறு: ஒவ்வொருவரும் பெட்டியிலிருந்து ஒரு பாதுகாப்புச் சாவியை எடுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். அந்தச் சாவிகளில் ஒன்று திரும்பாமல் இருந்தாலும் முடுக்கிக்குள் கற்றையைச் செலுத்த முடியாது. உங்கள் உயிருக்குக் காவல் அந்தச் சாவிதான். எனவே இருவருக்கு ஒரு சாவி என்பதும், என் சாவியை நீ வைத்துக்கொள் என்பதும் எந்த அவசரத்திலும் கூடாது. உள்ளே கற்றை வரப்போவதாக எச்சரிக்கை ஒலி கேட்டால், அருகிலுள்ள கதவின் அவசரப் பிடியை இழுத்து வெளியேறுங்கள். கதவு திறந்த கணமே கற்றைக்கான அனுமதி அறுந்துவிடும். தேவையின்றி அதைத் தொட்டால், அந்தப் பகுதியை ஆட்கள் மறுபடி நடந்து தேடி எவரும் இல்லை என்று உறுதிசெய்யும்வரை முடுக்கி காத்திருக்கும்.

எல்.எச்.சி.யின் பெரிய துகள் உணரிகளில் ஒன்றான சி.எம்.எஸ்.ஸின் காந்தப்புலம் 3.8 டெஸ்லா. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. இரும்புக் கருவி கையை விட்டுப் பறந்துவிடும்.

விபத்தோ தீயோ எதுவானாலும் வளாகத் தொலைபேசியில் 74444ஐ அழையுங்கள். 112 எண்ணைவிட இது ஏற்றது. வளாகம் இரண்டு நாடுகளில் கிடப்பதால், எந்தக் கட்டடம் எந்தப் பக்கம் என்று செர்ன் தீயணைப்புப் படைக்கே நன்றாகத் தெரியும்.

வெளியே வரும்போது

கற்றை ஓடிய இடத்திலிருந்து எடுத்து வரும் ஒவ்வொரு பொருளையும், அது ஒரு திருகானாலும், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவினர் அளந்து பார்த்த பிறகே வெளியே கொண்டுபோகலாம். அதற்கென ஒதுக்கிய இடத்தில் அதை வைத்துவிட்டு, பதிவு செய்யும்வரை காத்திருங்கள். சாவியைப் பெட்டியில் திருப்பி வைத்த பின்னரே உணவகத்துக்குப் போக வேண்டும்.

பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும்போது டோசிமீட்டரை ஒப்படைத்துவிட்டு, உங்கள் அளவுப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் டி.எல்.டி. என்னும் கதிர்வீச்சு அளவிப் பட்டை அணிந்து பணிபுரிபவராக இருந்தால் ஓர் ஆண்டில் 30 மில்லிசீவெர்ட்டும், ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவெர்ட்டும் வரம்பு. செர்னில் பெற்ற அளவையும் அதில் கூட்டியே கணக்கிட வேண்டும், எனவே அந்தத் தாளின் படியை உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.