கோபம் வரும்போது அதற்கு ஒரு பெயர் வையுங்கள்

வீட்டில் வாக்குவாதம் சூடேறும்போது, அடுத்த வார்த்தையை விடுமுன் உள்ளே இருப்பதைச் சொல்லிப் பாருங்கள்: "எனக்குப் பயமா இருக்கு", "அவமானமா இருக்கு". இது வெறும் சமாதானப் பேச்சு அல்ல. அமெரிக்காவில் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. அதே நேரத்தில், உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க உதவும் நெற்றிப்பக்க மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பது உணர்ச்சியின் பெயர் அல்ல, குற்றச்சாட்டு. எதிரில் இருப்பவரின் அபாயமணியையும் அது அடித்துவிடும். எனக்கு இந்த வித்தியாசம் பிடிபடவே பல வருடம் ஆனது. கோபம் என்று நான் நினைத்தது பல நாள் வெறும் களைப்புதான். வாயில் சொல் வராவிட்டால் தாளில் எழுதுங்கள், ஒரு வரி போதும்.