சவுண்ட் ஹோலுக்கு நேரே மைக் வைக்காதீர்கள்

போன மாதம் வியாசர்பாடியில் இருந்து ஒரு தம்பி பென்டிரைவோடு வந்தான். "கேட்டுச் சொல்லுங்கண்ணா" என்றான். குரல் இல்லை, தாளம் இல்லை, ஒற்றை அக்கவுஸ்டிக் கிட்டாரில் எட்டு ட்ராக். விரல்கள் அருமையாகப் பேசுகின்றன. ஆனால் அரை நிமிடத்திலேயே எனக்கு மனசு கனத்துப்போனது. பத்து வருடத்துக்கு முன் ராயபுரத்தில் என் அறையில் நான் செய்த அதே தவறு. அவனுக்கு முன் வந்த இரண்டு பேரும் அதையே செய்திருந்தார்கள். ட்யூன் பண்ணுங்கள், ஃபேனை அணையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலேயே தனிக் கிட்டார் பதிவு செய்பவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வதை மட்டும் எழுதுகிறேன்.

மைக்கை சவுண்ட் ஹோலுக்கு நேரே வைப்பது

சவுண்ட் ஹோல் என்பது கிட்டார் உடம்பின் நடுவில் இருக்கும் வட்டத் துளை. கிட்டாரின் சத்தம் அந்தத் துளையில் இருந்து வருகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி முன்பலகையின் அதிர்வு. கம்பியின் அசைவை பிரிட்ஜ் (பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) வாங்கிப் பலகைக்குக் கொடுக்கிறது. துளை வழியாக வருவது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சத்தம். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் 'பூம்' என்று வருமே, அதுதான். சாதாரண அளவு கிட்டாரில் அந்தச் சுருதி சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கம்.

இப்போது கட்டைவிரலைக் கவனியுங்கள். ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு) ஜி, 98 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பியை அழுத்தாமல் மீட்டினால் ஏ, 110. விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைலில் பேஸ், அதாவது கீழ் சுருதி, முழுவதும் கட்டைவிரலின் பொறுப்பு. இந்த இரண்டு நோட்டும் வராத ட்ராக் அரிது. அவை வரும்போதெல்லாம் பெட்டிக் காற்றும் சேர்ந்து முழங்கும், மற்ற நோட்டுகள் ஒழுங்காகப் போகும். போதாததற்கு, கார்டியாய்ட் மைக்கை (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் வகை) மிக அருகில் கொண்டுபோனால் அதுவும் தன் பங்குக்குக் கீழ் ஒலிகளைப் பெருக்கும்.

ஈக்யூவில் (குறிப்பிட்ட சுருதிகளை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். 100 ஹெர்ட்ஸைக் குறைத்தால் முழக்கம் போனது. கூடவே அந்த இரண்டு நோட்டின் உயிரும் போனது. குரலோ டிரம்ஸோ இருந்தால் ஓரளவு மறைத்துவிடும். தனிக் கிட்டாருக்கு ஒளிய இடமில்லை. மிக்ஸிங்குக்கு ஒருவரிடம் கொடுத்தேன். பணம் போனதுதான் மிச்சம். ஒன்பது ட்ராக், நாலு மாத இரவுகள், எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு ட்ராக் முதல் தடவை நின்று நிதானமாக வந்திருந்தது. அந்த நடை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. இன்றுவரை அந்த ஆத்திரம் அடங்கவில்லை. மைக்கை ஒரு சாண் நகர்த்தியிருந்தால் போதும்!

சரி, எங்கே வைப்பது? 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே, 20 முதல் 30 செ.மீ. தள்ளி. முகம் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும். இரண்டாவது மைக் இருந்தால் அது பிரிட்ஜுக்குப் பின்பக்கம். இரண்டையும் ஒரே சேனலாகச் சேர்த்து, மோனோவில் கேளுங்கள். பேஸ் மெலிந்தால் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அப்புறம் ஆறாவது கம்பியில் முதல் ஃப்ரெட்டில் இருந்து ஒவ்வொரு நோட்டாக ஒரே அழுத்தத்தில் ஏறி வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால் இடம் இன்னும் சரியில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போனாலும் போகட்டும். தம்பியை அப்படித்தான் உட்கார வைத்தேன். முதல் ட்ராக்கைத் திரும்ப வாசித்து அனுப்பியிருக்கிறான். அவன் கட்டைவிரல் இவ்வளவு சீராக நடக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கடல் காற்றில் கம்பியை மறப்பது

காசிமேடு, ராயபுரம் பக்கமெல்லாம் உப்புக்காற்று. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி சீக்கிரம் மங்கிவிடும். பாதி ஆல்பம் புதுக் கம்பியிலும் பாதி செத்த கம்பியிலும் இருந்தால் இரண்டு கிட்டார் மாதிரி கேட்கும். பதிவுக்கு முந்தின நாள் மாற்றி, இரண்டு மணி நேரம் வாசித்துப் பழக்குங்கள். முடித்ததும் பருத்தித் துணியால் துடையுங்கள்.

லாரி இரைச்சலை ஃபில்டரில் வெட்டுவது

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு என்று சொல்லிக்கொடுப்பார்கள். சாதாரண ட்யூனிங்கில் கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸ், ஓரளவு தப்பித்துக்கொள்ளும். ஆறு கம்பிகளையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று வைக்கும் ட்யூனிங்கில் அது 73க்கு இறங்கும். சி வரை இறக்கினால் 65. நீங்கள் ஆசையாக இறக்கிய பேஸ்தான் வெட்டுப்படும். ஸ்டாண்டுக்குக் கீழே ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். லாரி குறையும் நேரம் பார்த்து வாசியுங்கள். எங்கள் தெருவில் அது ஞாயிறு விடியற்காலை.

நகம் உடைந்த அன்று பதிவு செய்வது

வேண்டாம். வளரட்டும்.

சத்தத்தை ஏற்றுவது

நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பாடிஃபை வழக்கமாக -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குத் தானே இறக்கிவிடும். பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரில் நசுக்கி ஏற்றினால் விரல் வருடியதும் அழுத்தியதும் ஒன்றாகிவிடும்.

ட்யூனிங் மாற்றிய கையோடு வாசிப்பது

கம்பி பழைய சுருதிக்கே இழுக்கும். ஒரே ட்யூனிங்கில் இருக்கும் ட்ராக்குகளை ஒரே நாளில் முடியுங்கள். மாற்றிய பிறகு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சுருதி பாருங்கள்.